காட்டேரியின் கை

எங்கள் வீட்டில் ரத்தம் என்றால் வாஷர். மோட்டார் பம்புக்குப் போடுகிற சிவப்பு ஃபைபர் வாஷர், கடையில் டப்பா டப்பாவாகக் கிடக்கும். அதில் சின்னதாகப் பார்த்து ஒரு கிண்ணம் நிறைய அள்ளிவந்து, ஒவ்வொரு காட்டேரிச் சீட்டின் மேலும் அதற்குரிய ரத்தத்தை அடுக்கிவைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கடையும் வீடும் ஒரே கட்டடம். முன்கட்டில் பம்பு சாமான் கடை, பின்கட்டில் நாங்கள் நாலு பேர், மாடியில் ஒரே ஓர் அறை. அந்த அறையில் பிளாஸ்டிக் குழாய்களும் துருப்பிடித்த மோட்டார் கூடுகளும் குடியிருந்தன. கணவரின் அண்ணனை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவர்தான் முதலாளி. என் கணவர் அதே கடையில் தம்பி. சம்பளமும் இல்லை, பங்கும் இல்லை, தம்பி என்பதுதான் உத்தியோகம். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டதால் அண்ணன்தான் தூக்கி வளர்த்தவர். அந்த நன்றி என் கணவரின் கழுத்தில் ஒரு பாரம் மாதிரி எப்போதும் தொங்கும். அண்ணன் எதிரே அவர் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

அடுப்படி பெரியத்தான் மனைவியின் ராஜ்யம். என் ஓரகத்தி. நான் குழம்பு வைத்து இறக்கினால் வந்து நிற்பாள். கரண்டியைத் தொட மாட்டாள், நாக்கில் விட்டுப் பார்க்க மாட்டாள். உப்புச் சாடியில் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து மேலே தூவிவிட்டுப் போய்விடுவாள். சாப்பிட உட்காரும்போது, "உப்பு நாந்தான் போட்டேன்" என்பாள், எல்லாரும் கேட்க. என் கணவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். "அவ போட்டதே போதும்" என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் எனக்கு மாடி ஆசையே வந்திருக்காது. உப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் குனிந்த தலையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த அறையைக் காலி செய்து, அதில் ஓர் அடுப்பு வைத்து, என் கையால் உப்புப் போட்டு நான் சமைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சீட்டு வந்தது என் அண்ணன் வழியாக. அவன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். கூட இருந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஏதோ துறைமுகத்தில் இறங்கிப் போகும்போது விட்டுப்போன இரண்டு பெட்டிச் சீட்டை, மாப்பிள்ளைக்கு ரம்மி பிடிக்குமே என்று கொண்டுவந்து கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் ஜாக்கியும் இல்லை, ராணியும் இல்லை. கோட்டுப் போட்ட ஆண்கள், கறுப்புக் கவுன் போட்ட பெண்கள், எல்லாருக்கும் கோரைப்பல், உதட்டில் ரத்தம். ஓரகத்தி ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். "காட்டேரியக் கூட்டியாந்து நடுவீட்டுல பரப்பி வச்சா வீடு வெளங்குமா?" என்று கேட்டவள், போகிற போக்கில் என் வயிற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு அப்போது குழந்தை இல்லை. தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அம்மாளிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் ஒரு மாசம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பெட்டிக்குள் ஒரு குட்டிப் புத்தகம் இருந்தது, ஆட்டத்தின் சட்டம் முழுக்க இங்கிலீஷில். வீட்டில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். முதல் ஞாயிற்றுக்கிழமை வாசல்படியில் உட்கார்ந்து படித்துப் படித்துச் சொன்னேன். ஒரு காட்டேரி இன்னொன்றின் மேல் பாய்ந்தால் சண்டை. சண்டை சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒரு சுற்றில் இரண்டு பேருடைய குத்தும் ஒரே நேரத்தில் விழும், முதலில் இவன், பிறகு அவன் என்பது கிடையாது. குத்து வாங்கினால் ரத்தம் போகும். கடைசிச் சொட்டும் போனால் காட்டேரி விழுந்துவிடும். எல்லாக் காட்டேரியும் விழுந்தவன் தோற்றான். இதுவரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. "காட்டேரி கைய வச்சுக் குத்தலாம், அதுக்கு எதிராளிக்கு ஒரு சொட்டுப் போகும். கத்தி, நகம் மாதிரிச் சீட்டு வச்சிருந்தா…" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஓரகத்தி, "ஏட்டி, பால் பொங்குது" என்றாள். ஓடினேன். திரும்பி வந்தபோது அண்ணனும் தம்பியும் ஆட்டத்தில் இறங்கிவிட்டார்கள்.

கோளாறு அங்கேதான் நடந்தது. அது என் கோளாறும் இல்லை, வெள்ளைக்காரன் கோளாறும் இல்லை. வருஷக்கணக்காக ரம்மி ஆடியவர்களிடம் போய்க் 'கை' என்றால் அவர்கள் தோளில் தொங்குகிற கையையா நினைப்பார்கள்? "கை எப்படி?", "கை மோசம்", "இந்தத் தடவை நல்ல கை" என்றே பேசிப் பழகினவர்கள். அவர்களுக்குக் கை என்றால் விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருக்கிற சீட்டு. கையை வைத்துக் குத்தலாம் என்றால், கையில் சண்டைச் சீட்டு இருக்கிறவன் குத்தலாம், இல்லாதவன் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியே மாசக்கணக்கில் ஆடினார்கள். நான் அடுப்படியில் இருந்தேன், எனக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் கூப்பிடுவார்கள், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவேன். இதைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆட்டத்தில் மட்டும் என் கணவர் வேறு ஆளாக இருப்பார். அண்ணன் காட்டேரியை வெட்டுவார், ரத்தம் குடிப்பார், "செத்தீங்க அண்ணே" என்று சத்தம் போடுவார். நான் அதைக் கேட்பதற்காகவே கதவோரம் வந்து நிற்பேன். ஆனாலும் ஜெயிக்கிறது பெரும்பாலும் பெரியத்தான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நல்ல குஷியில் இருந்தார்.

"ஏலே, உனக்கு என்னைக்குக் கை வந்திருக்கு? ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு, கேக்கதைத் தாரேன்."

என் கணவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாடியைத் தாங்க" என்றார்.

"மாடியா? எதுக்கு?"

"நாங்க தனியாப் பொங்கிக்கிடுதோம்."

உள்ளே அம்மி அரைக்கிற சத்தம் நின்றுவிட்டது. பெரியத்தான் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "யாரு சொல்லச் சொன்னா?" என்று கேட்டது தம்பியை, பார்த்தது என்னை. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"யாரும் சொல்லல அண்ணே. நாந்தான் கேக்கேன்" என்றார் என் கணவர். தலை நிமிரவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டார். அந்த நிமிஷம் அவரை எனக்கு எம்புட்டுப் பிடித்தது என்று சொல்லிமாளாது.

பெரியத்தான் கவிழ்த்த சீட்டை மறுபடி கையில் எடுத்தார். "சரி. அடுத்த ஞாயிறு. ஒரே ஆட்டம். நீ ஜெயிச்சா மாடி உனக்கு. நான் ஜெயிச்சா இந்தப் பேச்சு இனி இந்த வீட்டுல வரக்கூடாது. எந்த வாயில இருந்தும்." கடைசி வார்த்தை எனக்கு.

விளையாட்டுப் பேச்சு வினையாகப் போனது என்பார்களே, அதேதான். ஒரு வாரம் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஓரகத்தி என் குழம்பில் இரண்டு சிட்டிகை போட்டாள். கடையில் அண்ணனும் தம்பியும் சாமான் பெயரை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கவில்லை. ஆட்டம் சாப்பாட்டுக்கு முன்பே ஆரம்பித்துச் சாயங்காலம் வரை நீண்டது. நான் அடுப்படிக்குள்ளேயே இருந்தேன். கதவோரம் போனால் கண்ணால் ஜாடை காட்டினேன் என்று பேச்சு வருமே என்ற பயம். அவரைக்காய் ஆய்ந்தேன், ஆய்ந்ததை மறுபடி ஆய்ந்தேன். கூடத்திலிருந்து வருகிற சத்தத்தை வைத்து யார் கை ஓங்குகிறது என்று கணக்குப் போட்டேன். வாஷர் கிண்ணத்தில் விழுகிற சத்தம் கேட்கும். அது யாருடைய ரத்தம் என்று தெரியாது. ஓரகத்தியும் பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது வாழ்வா சாவா என்கிற மாதிரிதான் இருந்திருக்கும், இப்போது யோசித்தால் தெரிகிறது.

காப்பி கொண்டுபோகிற சாக்கில்தான் கடைசியில் போனேன். ஆளுக்கு ஒரு காட்டேரிதான் மிச்சம். பெரியத்தானுடையது கறுப்புக் கவுன் போட்டவள், அவள் மேல் ஒரே ஒரு வாஷர். என் கணவருடையது ஒரு கிழவன், அவன் மேல் மூன்று. பெரியத்தானின் காட்டேரி பாய்ந்தது. அவர் ஒரு சீட்டை இறக்கினார். "கத்தி. ரெண்டு சொட்டு. அடுத்த சுத்துக்கும் கையில வச்சிருக்கேன். உங்கிட்ட?"

என் கணவர் தன் கையை ஒரு தடவை பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். சண்டைக்கு உதவுகிற சீட்டு ஒன்றுகூட இல்லை. கிழவன் மேலிருந்த வாஷரை எடுக்கக் கையை நீட்டினார்.

"நீங்க ஏன் குத்தல?" என்றேன்.

"கையில ஒண்ணுமில்லையே."

"கையில இல்லாட்டி என்ன? கை இருக்குல்லா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். சீட்டு இல்லாவிட்டாலும் காட்டேரிக்கு இரண்டு கை உண்டு, வெறுங்கையால் குத்தலாம், ஒரு சொட்டுப் போகும், அதுவும் கத்தி விழுகிற அதே நேரத்தில் விழும். சொல்லும்போதே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கிழவனுக்கு ஒரு சொட்டு மிஞ்சும். கவுன்காரி விழுந்துவிடுவாள். ஆட்டம் முடிந்துவிடும். மாடி எங்களுக்கு.

பெரியத்தானுக்கும் கணக்குத் தெரியும், வியாபாரி அல்லவா. "இத்தனை மாசம் இல்லாத ரூல் இன்னைக்கு எங்கேயிருந்தும்மா வந்துச்சு?" என்றார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகக் கேட்டார். அதுதான் சுருக்கென்றது.

புத்தகத்தை எடுத்து வந்தேன். பக்கத்தைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் சாமான் பெயர் அளவுக்குத்தான் தெரியும். இருந்தும் கைக்கான இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டார். "இங்கயும் கைன்னுதான போட்டிருக்கு? கைன்னா சீட்டுதான? மொதப் பக்கத்துல, கையில இத்தனை சீட்டு இருக்கணும்னு நீதான வாசிச்ச?"

"அது ஆட்டக்காரன் கை. இது காட்டேரி கை."

"வெறுங்கை முழம் போடுமாம்மா?" என்றார்.

உண்மையைச் சொல்லும்போது அது நமக்கே லாபமாக இருந்துவிட்டால், அதைவிடப் பொய் மாதிரித் தெரிகிறது வேறு ஒன்றுமில்லை. ஓரகத்தி கதவோரம் நின்று, "படிச்சவ நெனைச்சா எதையும் படிக்கலாம்" என்றாள். என் கணவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், சோற்றைப் பார்க்கிற மாதிரி.

கடைசியில் பெரியத்தான்தான், மூன்றாம் மனுஷன் சொல்லட்டும் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வழக்குகளைப் பார்க்கிற வக்கீல் ஒருவர் இருந்தார். அவர் சொன்னால் சரி என்று ஒத்துக்கொண்டோம். அதுவரைக்கும் யாரும் சீட்டைத் தொடக் கூடாது என்று, விரித்தது விரித்தபடி மேலே ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த ஞாயிறு வரை ஓரகத்தி அதைச் சுற்றிச் சுற்றியே கூட்டினாள். உள்ளே காட்டேரியை அடைத்துவைத்திருப்பதாக நினைத்தாளோ என்னவோ, காலில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். பெரியத்தான் மடியில் ஒரு பை சப்பட்டை மாம்பழம், என் மடியில் புத்தகம். ஊருக்குப் போகிற வழி எனக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற வழி. வேறு நாளாக இருந்தால் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். அன்றைக்கு என் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

வக்கீல் தேர் ஓடுகிற வீதிக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருந்தார். குளித்துவிட்டு நெற்றியில் திருமண் போட்டு உட்கார்ந்திருந்தவர் கையில் கோரைப்பல் படம் போட்ட புத்தகத்தைக் கொடுக்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் அசரவில்லை. "யார் வாதி, யார் பிரதிவாதி?" என்றார். பெரியத்தான் நடந்ததைச் சொன்னார். மாடியைப் பற்றிச் சொல்லவில்லை. ஆட்டத்தை மட்டும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அந்த நேர்மை அவரிடம் இருந்தது, மறுக்க மாட்டேன்.

வக்கீல் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார், ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னோர் இடத்தைப் படித்தார். மாம்பழ வாசனைக்கு ஈக்கள் வந்துவிட்டன.

"கைங்கற வார்த்தை இதுல ரெண்டு அர்த்தத்துல வர்றது" என்றார். "ஆரம்பத்துல ஆட்டக்காரனோட கை. அது சீட்டு. சண்டைன்னு தலைப்புப் போட்டிருக்கற எடத்துல காட்டேரியோட கை. அது உடம்பு. கத்தி இல்லேங்கறதுக்காக ஒருத்தனுக்குக் கையே இல்லாமப் போயிடுமா? இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி."

எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

"அப்ப இத்தனை மாசமா நாங்க ஆடுனது?" என்றார் பெரியத்தான்.

"அது மாமூல். ரெண்டு பேரும் ஒத்துண்டு ஆடியிருக்கேள். மாமூலை மாத்திப் புஸ்தகப்படி போகணும்னா, நஷ்டப்பட்டவர் கேக்கணும்."

"நான் கேக்கேன் சார்" என்றேன்.

வக்கீல் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க பார்ட்டி இல்லியேம்மா. ஆட்டம் ஆடினது இவர்." என் கணவர் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றேள்? புஸ்தகப்படி வேணுங்கறேளா?"

ஒரு வார்த்தை. ஆமாம் என்கிற ஒரே வார்த்தை. சட்டம் எங்கள் பக்கம், வக்கீல் எங்கள் பக்கம், அண்ணன்கூட வாயைத் திறக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார். என் கணவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"வேண்டாம் சார். அண்ணன் எப்படி ஆடுனாகளோ, அப்படியே இருக்கட்டும்."

வக்கீல் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். பெரியத்தான் முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார். ஜெயித்தவர் முகம் மாதிரி அது இல்லை. நான் அழவில்லை. அழுதிருந்தால் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் பெரியத்தான் ஓரகத்திக்குப் பூ வாங்க நின்றார். பூக்காரி சரத்தை உருவி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இழுத்துப் பிடித்து, ஒன்று என்றாள். மறுபடி இழுத்து, இரண்டு என்றாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் கையில் அடிக்குச்சி இல்லை, அளவு நாடா இல்லை, ஒன்றுமே இல்லை. முழம் போடுவதே வெறுங்கைதானே! பிறந்ததிலிருந்து கேட்டுவந்த பழமொழி, அதன் அபத்தம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சிரிப்பு வந்தது. மம்சாபுரம் விலக்கில் ஆள் இறக்க பஸ் நின்றபோதுகூட நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றவில்லை. படிக்கட்டுக்கு அடியில், காஸ் வந்த பிறகு யாரும் சீண்டாத பம்ப் ஸ்டவ் ஒன்று கிடந்தது. அதை இழுத்துத் தூசி தட்டினேன். மண்ணெண்ணெய் கேனை எடுத்தேன். ஒரு சட்டி, ஒரு தட்டு, ஒரு செம்புத் தண்ணீர், கொஞ்சம் ரவை, வெங்காயம், மிளகாய், எண்ணெய்.

"என்னட்டி செய்யுத?" என்றாள் ஓரகத்தி.

"முழம் போடப் போறேன் அக்கா."

அவளுக்குப் புரியவில்லை. கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியத்தானுக்குப் புரிந்தது. நிமிர்ந்து பார்த்தார். என் கணவர் தாம்பாளத்தின் பக்கத்தில் நின்றார். நான் ஸ்டவ்வை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினேன். யாராவது "நில்லு" என்றால் நின்றுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. யாரும் சொல்லவில்லை.

குழாய்களைச் சுவரோரம் தள்ளி, கோணியை விரித்து, ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்றடித்தேன். புஸ் என்று எங்கிருந்தோ காற்று வெளியே போனது. மறுபடி அடித்தேன். மறுபடி புஸ். அடிக்க அடிக்க ஏறவே இல்லை. கை வலித்தது. அந்தக் கீச்சு கீச்சுச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும் என்று தெரியும். கேட்கட்டும் என்றுதான் அடித்தேன். ஜன்னலில் வெயில் இறங்கி, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என் கணவர் பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார். மேலே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை.

"ஒண்ணு ஏறுங்க, இல்ல எறங்குங்க" என்றேன். "நடுவுல நின்னா வழி மறிக்கும்."

கீழேயிருந்து பெரியத்தானின் குரல் வந்தது. ஆயுசு முழுக்கப் பம்பு சாமான் விற்ற மனுஷனால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. "எம்புட்டு நேரம்மா அது காத்தைக் கக்கும்! எண்ணெய் ஊத்துற மூடியில வாஷர் போயிருக்கும்!" அப்புறம் கொஞ்சம் இறங்கிய குரலில், "ஏலே, இங்க வா" என்றார்.

என் கணவர் இறங்கிப் போனார். நான் ஸ்டவ்வைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். போனவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். இந்தத் தடவை நடுப்படியில் நிற்கவில்லை, அறைக்குள்ளேயே வந்து உள்ளங்கையை நீட்டினார். ஒரு வாஷர். "அண்ணன் தந்தாக" என்றார். மூடியைக் கழற்றி அவரே அதைப் பொருத்தி இறுக்கினார். அடித்தேன். காற்று ஏறியது. நீலமாகப் பிடித்துக்கொண்டது.

ரவையைக் கிண்டி இறக்கிய பிறகுதான் தெரிந்தது, உப்பை மறந்துவிட்டேன். எந்த உப்புக்காக இத்தனை கூத்தோ அதையே மறந்துவிட்டேன். கீழே போய்க் கேட்க வாய் வரவில்லை. அப்படியே தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டார். நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் தின்றார். வக்கீல் வீட்டில் சொல்லாத வார்த்தைக்கு அவர் மேல் எனக்குக் கோபம் அப்போதும் இருந்தது. ரொம்ப நாள் இருந்தது. ஆனாலும் அந்த உப்பில்லாத உப்புமாவைத் தின்ற மனுஷனை வெறுக்க முடியவில்லை.

குடிக்கத் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினேன். கூடத்தில் பெரியத்தான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாம்பாளம் நிமிர்ந்து சுவரில் சாய்ந்திருந்தது. சீட்டு விரித்தது விரித்தபடியே கிடந்தது. என் கணவரின் கிழவன் மேல் மூன்று வாஷரும் அப்படியே இருந்தன. கறுப்புக் கவுன்காரி மேல் ஒன்றுமில்லை.

நான் நின்றுவிட்டேன். மேலே ஸ்டவ் இரைகிற சத்தம் கேட்டது.

"ஆட்டம் முடிஞ்சிருச்சா அத்தான்?" என்றேன்.

பேப்பர் இறங்கவில்லை. "ஆட்டமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வாஷர் வேணுமேன்னு பாத்தேன். கைக்கு எட்டுனதை எடுத்தேன்."

கடை முன்கட்டில்தான் இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.